தானமாக வரும் லேத்தின் பல்லைப் பிடித்துப் பாருங்கள்

சமூகப் பட்டறை அமைக்கும் குழுவினருக்கு,

வணக்கம். வரவிருக்கும் இயந்திரங்களின் பட்டியலை அனுப்பியிருந்தீர்கள். உலோகத்தைச் சுழற்றிக் கடையும் லேத் மூன்று, சுழலும் கட்டரால் சீவும் மில்லிங் மிஷின் ஒன்று, முன்னும் பின்னும் ஆடிச் சீவும் ஷேப்பர் ஒன்று, துளையிடும் தூண் டிரில்லிங் மிஷின் ஒன்று, இரும்பை அறுக்கும் பவர் ஹேக்சா ஒன்று, பரப்பைச் சாணைக்கல்லால் தேய்க்கும் சர்ஃபேஸ் கிரைண்டர் ஒன்று. அதன் அடியில் ஒரு வரி: “எல்லாம் இலவசம்! இடம் மட்டும்தான் வேண்டும்.” அந்த ஆச்சரியக்குறியைப் பார்த்த பிறகுதான் இதை எழுத உட்கார்ந்தேன். உங்களுக்கு மட்டும் அனுப்பியிருக்கலாம். ஆனால் தொழிற்சாலைகள் கணினி இயந்திரங்களுக்கு மாற மாற, கையால் இயக்கும் பழையவை எங்கும் இப்படித்தான் வெளியே வருகின்றன. அவற்றை வாங்கிப் பட்டறை வைக்க ஆசைப்படும் குழுக்களும் எங்கும் இருக்கின்றன. அவர்களும் படிக்கட்டும் என்று பொதுவில் வைக்கிறேன்.

வாழ்நாளின் பெரும்பகுதி லேத்தின் முன் நின்றவன் நான். ஒரு நல்ல லேத் உடைசல் கடைக்குப் போவதைப் பார்த்தால் எனக்கும் மனம் பொறுக்காது. அதனால் நான் சொல்லப்போவதைத் தடை போடும் பேச்சாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

சொல்ல வந்தது ஒன்றுதான். எத்தனை இயந்திரம் கிடைக்கிறது என்று எண்ணாதீர்கள்; எத்தனை இயந்திரத்துக்குப் பொறுப்பேற்க ஆள் இருக்கிறது என்று எண்ணுங்கள். ஓர் இயந்திரம் என்றால் ஒரு பெயர். அந்தப் பெயருக்கு ஆள் கிடைக்காத இயந்திரத்தை, அது எவ்வளவு நல்லதாக இருந்தாலும், நன்றி சொல்லித் திருப்பிவிடுங்கள்.

‘தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே’ என்பார்கள். மாட்டுக்கு அது நாகரிகமாக இருக்கலாம், லேத்துக்கு ஆகாது. லேத்துக்கு நிஜமாகவே பல் உண்டு. லேத்தின் தலைப்பகுதியான ஹெட்ஸ்டாக்கின் கியர்ப் பெட்டிக்குள் வரிசையாக இருக்கிறது. கொடுப்பவர் இடத்தில் மின்சாரம் இருக்கும்போதே போய், ஒவ்வொரு வேகத்திலும் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். ஒரே சீரான இரைச்சல் வந்தால் பயமில்லை. ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு ‘டொக்’ கேட்டால் எங்கோ ஒரு பல் உடைந்திருக்கிறது. பழைய மாடலுக்கு அந்தப் பல்சக்கரம் கடையில் கிடைக்காது. புதிதாக வெட்டித்தான் போட வேண்டும். அதை வெட்ட நல்ல நிலையில் உள்ள இன்னொரு மில்லிங் மிஷின் வேண்டும்.

அடுத்தது பெட், அதாவது மற்றப் பாகங்கள் நகரும் நீண்ட அடித்தளம். லேத்தின் பெட் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி தேயாது. பெரும்பாலான வேலை, உலோகத்தைக் கவ்விச் சுழலும் சக்குக்கு அருகில்தான் நடக்கிறது, எனவே தேய்மானமும் அங்கேதான். வெட்டும் டூலைச் சுமந்து பெட்டின் மேல் நகரும் கேரேஜை சக்கை ஒட்டிக் கொண்டுவந்து, ஆட்டம் இல்லாதபடி அதன் இடைவெளியைச் சரிசெய்யும் கிப் பட்டையை இறுக்குங்கள். பிறகு கைச்சக்கரத்தைச் சுற்றி எதிர்முனையில் இருக்கும் டெயில்ஸ்டாக் பக்கம் தள்ளிக்கொண்டு போங்கள். பாதி வழியில் சிக்கி நின்றால் பெட்டின் கதை புரிந்துவிடும்: சக்கருகே தேய்ந்திருக்கிறது. இதற்குக் கருவிகூடத் தேவையில்லை. சக்கைச் சுழற்றும் அச்சான ஸ்பிண்டிலின் பேரிங்கைப் பார்க்க மட்டும், நுண்ணிய அசைவை முள்ளால் காட்டும் டயல் கேஜ் ஒன்று எடுத்துப் போங்கள்: சக்கில் ஒரு தடித்த தண்டைப் பிடித்து, அதை நெம்பிப் பார்த்தால் முள் எவ்வளவு நகர்கிறது என்று தெரியும்.

இன்னொரு பக்கம், பார்த்ததும் பயமுறுத்துகிற சில விஷயங்கள் ஒன்றுமே இல்லாதவை. டூலைக் குறுக்கே நகர்த்தும் கிராஸ் ஸ்லைடின் கைப்பிடி கால் சுற்று வெறுமனே சுழல்கிறதே என்று ஓர் இளைஞர் முகம் சுளிப்பார். அது நட்டின் தேய்மானம். எப்போதும் ஒரே பக்கத்திலிருந்து அளவுக்கு வந்து சேரப் பழகிவிட்டால் அந்த லேத்திலும் துல்லியமாகக் கடையலாம், நட்டையும் மாற்றிக்கொள்ளலாம். பெட்டின் மேல் படிந்த மெல்லிய செந்துரு எண்ணெயில் நனைத்த துணிக்கே வந்துவிடும். பெயின்ட் உரிந்திருப்பது குறையே அல்ல. சொல்லப்போனால், புதுப் பெயின்ட் அடித்து வரும் பழைய இயந்திரத்தைத்தான் நான் இரண்டு முறை சுற்றிப் பார்ப்பேன். உரிந்த பெயின்ட்டை அழகுக்காக உலர்வாகத் தேய்த்தெடுக்க மட்டும் இறங்காதீர்கள். பழைய பெயின்ட்டில் ஈயம் இருந்திருக்கலாம், பழைய பிரேக்குகளின் லைனிங்கில் கல்நார் இருந்திருக்கலாம். இரண்டின் தூசும் நுரையீரலுக்குள் போகக் கூடாதவை.

இனி நான் மிகவும் வலியுறுத்த நினைப்பது. லேத் என்பது தரையில் நிற்கும் அந்த வார்ப்பிரும்பு மட்டும் இல்லை. அதன் பக்கத்தில் துருப்பிடித்த ஒரு டிராயர் இருக்கும், சுவரில் ஒரு பலகை மாட்டியிருக்கும், மூலையில் எண்ணெய் ஊறிய ஒரு பெட்டி கிடக்கும். நான்கு தாடை சக், ஃபேஸ் பிளேட், நீண்ட தண்டைத் தாங்கும் ஸ்டெடி, மாற்றுக் கியர்கள், சக்கின் வெளிப்புறத் தாடைகள், சக்கை முறுக்கும் சக் சாவி எல்லாம் அங்கேதான் இருக்கும். ஏற்றிவிட வரும் ஆட்கள் கனமான உருப்படியை ஏற்றிவிட்டு, மீதியைக் குப்பை என்று உடைசலில் போட்டுவிடுவார்கள். இது நடக்காத இடத்தை நான் அரிதாகத்தான் பார்த்திருக்கிறேன். மூன்று தாடை சக்கின் தாடைகளில் 1, 2, 3 என்று எண் அடித்திருக்கும். அந்தந்தத் தாடை அந்தந்தக் குழிக்குத்தான், அந்த சக்குக்குத்தான். வேறு சக்கின் தாடை உள்ளே போனாலும் ஜாப்பை, அதாவது கடையும் துண்டை, நடுவில் பிடிக்காது.

மாற்றுக் கியர்களில் 127 பல் உள்ள ஒன்று இருக்கிறதா என்று கட்டாயம் தேடுங்கள். பழைய லேத்துகள் பலவற்றில், மரை (திருகின் சுருள் பள்ளம்) வெட்டும்போது கேரேஜை நகர்த்தும் லீட் ஸ்க்ரூ அங்குலக் கணக்கில் வெட்டப்பட்டிருக்கும். ஓர் அங்குலம் 25.4 மில்லிமீட்டர். இந்தப் பின்னத்தைப் பல் கணக்கில் துல்லியமாகக் கொண்டுவர 127 பல் சக்கரமோ அதன் மடங்கோதான் உதவும், ஏனெனில் 127-ஐ 5-ஆல் வகுத்தால் சரியாக 25.4. அந்தச் சக்கரம் இல்லாவிட்டால் அங்குல லேத்தில் மெட்ரிக் மரையைக் கிட்டத்தட்டத்தான் வெட்ட முடியும். இருந்தாலும் ஒரு சங்கடம் உண்டு: அதை மாட்டி மரை வெட்டும்போது கேரேஜை லீட் ஸ்க்ரூவோடு இணைக்கும் ஹாஃப் நட்டைத் திறந்துவிட்டு, மூடும் தருணம் காட்டும் டயலைப் பார்த்து மறுபடி மூட முடியாது, கடைசிவரை மூடியே வைத்து, மோட்டாரைத் திருப்பித்தான் கேரேஜைப் பின்னால் கொண்டுவர வேண்டும். இதை ஒருவர் சொல்லித் தராமல் புதியவர் கண்டுபிடிக்க மாட்டார். பொறுப்பாளர் என்று நான் ஏன் அடித்துச் சொல்கிறேன் என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

மரை என்றதும் ஒரு கிளைக்கதை. பழைய இயந்திரங்களைப் பிரித்தால் கையில் இருக்கும் எந்த ஸ்பேனரும் சரியாகப் பொருந்தாத போல்ட்டுகள் வரும். அவை பெரும்பாலும் விட்வொர்த் மரை. மரைவெட்டும் லேத்தை 1800-ஐ ஒட்டிய ஆண்டுகளில் நம்பகமான கருவியாக்கிய ஹென்றி மாட்ஸ்லேயின் பட்டறையில் வேலை கற்றவர் ஜோசப் விட்வொர்த். ஆளுக்கொரு மரை வெட்டிக்கொண்டிருந்த காலத்தில், 1841-இல், எல்லோருக்கும் ஒரே அளவு என்று ஒரு முறையை முன்வைத்தார். அதன் மரைக்கோணம் 55 பாகை. இன்றைய மெட்ரிக் மரைக்கு 60 பாகை. எனவே ‘உள்ளே போகிறதே’ என்று ஒன்றை இன்னொன்றில் முறுக்கி ஏற்றாதீர்கள். பிரித்த போல்ட்டுகளை இயந்திரவாரியாகத் தனித்தனி டப்பாவில் போட்டு வையுங்கள், போதும்.

இடம்பெயர்ப்பது பற்றி நீண்ட விளக்கம் தேவையில்லை, ஏனென்றால் அதை நீங்களே செய்யக் கூடாது. நடுத்தர லேத் ஒரு டன்னைத் தொடும், முழு அளவு மில்லிங் மிஷினும் அப்படியே. இரண்டும் தலைக்கனம் பிடித்தவை. சாயத் தொடங்கினால் பத்துப் பேர் பிடித்தாலும் நிற்காது, பிடிப்பவர்களைத்தான் நசுக்கும். கனரக இயந்திரம் நகர்த்துவதைத் தொழிலாகச் செய்பவர்களுக்கு அந்தப் பணத்தைக் கொடுங்கள். அவர்களிடமும் ஒன்று சொல்லி வையுங்கள்: பட்டையை, பெட்டின் முன்னால் நீளமாக ஓடும் லீட் ஸ்க்ரூவுக்கும் ஃபீட் ராடுக்கும் மேல் சுற்றித் தூக்கக் கூடாது, அவை வளைந்தால் லேத்தே போச்சு. மில்லிங் மிஷினின் மேசையை முழுக்க இறக்கி, தலை திரும்பும் வகையென்றால் அதையும் கீழ்நோக்கித் திருப்பிய பிறகே நகர்த்த வேண்டும்.

மின்சாரத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். தொழிற்சாலை இயந்திரங்கள் பெரும்பாலும் மும்முனை மோட்டார் கொண்டவை. நீங்கள் பார்த்திருக்கும் கட்டடத்துக்கு ஒருமுனை இணைப்புதான் என்று கேள்விப்பட்டேன். வி.எஃப்.டி. எனும் மோட்டார் வேகக் கட்டுப்பாட்டுக் கருவியை வைத்து ஒருமுனையிலிருந்து மும்முனை உண்டாக்கலாம். வேகத்தையும் கூட்டிக் குறைக்கலாம். சிறிய மோட்டார்களுக்கு நான் அதைத்தான் சொல்வேன். ஆனால் ஒருமுனையிலிருந்து எடுக்கும் சாதாரண வி.எஃப்.டி. 230 வோல்ட்டைத்தான் திருப்பித் தரும். மோட்டாரோ பெரும்பாலும் 400 வோல்ட்டுக்கு, ஸ்டார் எனும் முறையில் சுருள்களை இணைத்துக் கட்டியிருக்கும். மோட்டாரின் தகட்டில் இரண்டு வோல்ட்டேஜும் குறித்திருந்தால் உள்ளே டெல்டா எனும் இன்னொரு இணைப்பாக மாற்றிக் கட்டினால் ஆயிற்று. மோட்டாரின் இணைப்புப் பெட்டியைத் திறந்தால் மூன்றே மூன்று ஒயர் வெளியே வந்திருந்தால், ஸ்டார் முடிச்சு சுருளுக்குள் புதைந்திருக்கிறது என்று அர்த்தம். மோட்டார் கட்டுபவர்தான் அதைத் தோண்டி எடுக்க வேண்டும். வி.எஃப்.டி.க்கும் மோட்டாருக்கும் நடுவில் பழைய சுவிட்சை விட்டுவைக்காதீர்கள், ஓடும்போது அதைத் தட்டினால் வி.எஃப்.டி. செத்துப்போகும். ரொம்பவும் குறைந்த வேகத்தில் நெடுநேரம் ஓட்டினால் மோட்டாரின் விசிறியும் மெதுவாகத்தான் சுற்றும், சூடு ஏறும்.

மும்முனை இணைப்பே வாங்கினாலும் ஒரு பொறி இருக்கிறது. மூன்று ஒயரில் எந்த இரண்டை மாற்றிக் கொடுத்தாலும் மோட்டார் எதிர்த்திசையில் சுற்றும். சக்கைத் திருகி மாட்டும் பழைய ஸ்பிண்டில் என்றால், அப்படிச் சுற்றும்போது சக் தானாகக் கழன்று பெட்டின் மேல் விழக்கூடும். அதனால் இணைப்புக் கொடுத்த பிறகு முதல் ஓட்டம் சக்கைக் கழற்றி வைத்துவிட்டுத்தான். இதைவிட முக்கியம், மின்சாரம் போய்த் திரும்பி வந்தால் இயந்திரம் தானாக ஓடத் தொடங்கக் கூடாது. பழைய நெம்புகோல் சுவிட்சுகள் பலவற்றில் அந்தப் பாதுகாப்புக் கிடையாது. ஒவ்வொன்றுக்கும் நோ-வோல்ட் ஸ்டார்ட்டரும், கைக்கெட்டும் இடத்தில் சிவப்பு அவசர நிறுத்தமும் போடாமல் பொதுமக்களை உள்ளே விடாதீர்கள். இது தகுதியுள்ள மின்பணியாளரின் வேலை. குழுவில் மின்னணுவியல் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள் என்பது எனக்குத் தெரியும், அவர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது.

தளத்தில் நிறுத்திய பிறகு ரசமட்டம் வைப்பீர்கள். லேத் தரைக்குச் சமமாக நிற்பதைவிட, பெட் முறுக்கிக்கொள்ளாமல் நிற்பதுதான் காரியம். மீட்டருக்கு 0.02 மில்லிமீட்டர் காட்டும் மட்டம் கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டால் ஒரு தண்டை சக்கில் மட்டும் பிடித்து, சக்கை ஒட்டி ஒன்றும் நுனியில் ஒன்றுமாக இரண்டு பட்டைகளை ஒரே வெட்டில் மெலிதாகக் கடைந்து, மைக்ரோமீட்டரால் அளந்து பாருங்கள். இரண்டும் ஒன்றாக வரும்வரை கால்களில் ஷிம் எனும் மெல்லிய தகடு வைத்துச் சரிசெய்யலாம். புதிதாக இறக்கிய இயந்திரம் சில வாரங்களில் அமரும், அதன் பிறகு இன்னொரு முறை.

இத்தனையும் செய்து முடித்தால் உங்களிடம் ஓர் இயந்திரம் இருக்கும். பட்டறை இன்னும் இல்லை.

பட்டறை என்பது தெரியாதவர் வந்து தெரிந்துகொண்டு முழுதாக வீடு திரும்பும் இடம். தொழிற்சாலையில் ஒருவர் மாதக்கணக்கில் மேஸ்திரியின் கண்பார்வையில் நின்ற பிறகுதான் லேத்தைத் தனியாகத் தொடுவார். சமூகப் பட்டறைக்கு வருபவரோ வேலை முடிந்து மாலையில், களைப்போடு, வாரம் ஒருமுறை வருபவர். நிமிடத்துக்கு 600 சுற்று வேகம் என்றால் சக் விநாடிக்குப் பத்து முறை சுற்றுகிறது. ஆபத்தை உணர்ந்து கை அசைய கால் விநாடி எடுத்துக்கொண்டாலே, அதற்குள் இரண்டு சுற்றுக்கு மேல் முடிந்துவிடும். 2011 ஏப்ரலில் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தின் ஆய்வகப் பட்டறை ஒன்றில், இரவில் தனியாக லேத்தில் வேலை செய்துகொண்டிருந்த மாணவி ஒருவர் தலைமுடி சிக்கி உயிரிழந்தார். பெரிய பல்கலைக்கழகம், நன்றாகப் படித்தவர். நிறுத்த பக்கத்தில் ஆள் இல்லை.

ஆகவே சுழலும் இயந்திரத்தில் யாரும் தனியாக வேலை செய்யக் கூடாது என்பதை முதல் விதியாக எழுதுங்கள். நிர்வாகக் குழுவினருக்கும் அதில் விலக்கு வேண்டாம். கையுறை போட்டுக்கொண்டு லேத்தையோ டிரில்லிங் மிஷினையோ தொடக் கூடாது. இது புதியவர்களுக்குப் புரியவே புரியாது. கையுறை பாதுகாப்புக்குத்தானே என்பார்கள். சுழலும் தண்டு கையுறையின் ஒரு நூலைப் பிடித்தால் கையையும் சேர்த்து இழுக்கும், வெறும் கை என்றால் தோல் கிழிவதோடு தப்பிக்க வாய்ப்புண்டு. சக் சாவியில் ஒரு ஸ்பிரிங் மாட்டிவிடுங்கள், கையை எடுத்ததும் அது வெளியே துள்ளிவிட வேண்டும். சாவியை சக்கிலேயே விட்டுவிட்டு மோட்டாரைப் போடுவது பயிற்சிப் பட்டறைகளில் நடக்கும் பழைய தவறு; பறந்து வரும் சாவி ஆளைப் பார்த்து வராது. சுருளாக வரும் சீவல்களை கையால் இழுக்காமல் கொக்கியால் இழுக்கப் பழக்குங்கள்.

இங்கேதான் அந்தப் பெயர் வருகிறது. ஒவ்வொரு இயந்திரத்தின் மேலும் ஒரு பொறுப்பாளரின் பெயர் ஒட்டியிருக்கட்டும். எண்ணெய் விடுவது, தேய்ந்த டூலை மாற்றுவது, புதியவருக்குக் காட்டிக்கொடுத்து ‘இவர் இதை ஓட்டலாம்’ என்று கையெழுத்திடுவது எல்லாம் அவர் வேலை. லேத்துக்குப் பெற்ற கையெழுத்து மில்லிங் மிஷினுக்குச் செல்லாது. ஏதோ சரியில்லை என்று தோன்றினால் சிவப்பு அட்டையை யார் வேண்டுமானாலும் மாட்டலாம், நேற்று வந்தவர்கூட. கழற்றும் உரிமை மட்டும் பொறுப்பாளருக்கே. இந்த ஒரு விதியால் பல விரல்கள் தப்பும். பொறுப்பாளர் ஊரைவிட்டுப் போனால், அடுத்தவர் கிடைக்கும்வரை அந்த இயந்திரத்துக்குப் பூட்டு.

உறுப்பினர் கட்டணத்தில் ஒரு பங்கைப் பராமரிப்புக்கென்று ஒதுக்காமல் எல்லாவற்றையும் வாடகைக்குக் கொட்டிவிடாதீர்கள். 2006-இல் கலிஃபோர்னியாவில் தொடங்கிய டெக்‌ஷாப், இப்படிப்பட்ட பொதுப்பட்டறைகளுக்கெல்லாம் முன்மாதிரி என்று பேசப்பட்டது. 2017 நவம்பரில் ஒரே நாளில் அமெரிக்காவில் இருந்த எல்லாக் கிளைகளையும் மூடியது. அங்கே இயந்திரத்துக்குக் குறைச்சல் இல்லை, பணம்தான் தீர்ந்தது.

சரி, உங்கள் பட்டியலுக்கு வருவோம். டிரில்லிங் மிஷினையும் பவர் ஹேக்சாவையும் உடனே எடுத்துக்கொள்ளுங்கள். எந்த வேலைக்கும் இவை முதலில் தேவைப்படும், கற்றுக்கொடுப்பதும் எளிது. மூன்று லேத்தில் டிராயர் முழுதாக இருக்கும் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். பெரியது வேண்டாம், நடுத்தரமானது. ‘இரண்டாவதை உதிரிபாகத்துக்கு வைத்துக்கொள்ளலாமே’ என்று ஒருவர் சொல்வார். அதே மாடலாக இருந்தால் மட்டும் கேளுங்கள், இல்லாவிட்டால் அது உதிரிபாகம் ஆகாது, மூலையில் துணி மூடிய மலையாகத்தான் நிற்கும். மில்லிங் மிஷினை லேத் ஓரளவு ஓடிப் பழகிய பிறகு பார்க்கலாம். அதன் கட்டர்களும், அவற்றைக் கவ்வும் கோலெட்டுகளும் பிடிப்பான்களும் சேர்ந்து கேட்கும் செலவு இலவச இயந்திரத்தை நிஜமாகவே விலை உயர்ந்ததாக்கிவிடும். சர்ஃபேஸ் கிரைண்டரை மறுத்துவிடுங்கள். தனி அறை இல்லாமல் அதை ஓட்டினால் அதன் சாணைத்தூள் பறந்துபோய் லேத்தின் பெட்டில் படியும். எண்ணெயோடு கலந்து மாதக்கணக்கில் அதைத் தேய்த்துத் தின்னும்.

ஷேப்பரைப் பற்றி எனக்கு நடுநிலை கிடையாது, அதைச் சொல்லிவிடுகிறேன். மெதுவான இயந்திரம் என்று பெரும்பாலான தொழிற்சாலைகள் அதை வைத்துக்கொள்வதில்லை. ஆனால் ஒரே முனை கொண்ட டூல், கையால் சாணை பிடித்துக்கொள்ளலாம், விலை உயர்ந்த கட்டர் எதுவும் கேட்காது. வெட்டப் போகும்போது நிதானமாகவும் வெறுமனே திரும்பும்போது வேகமாகவும், டூலைச் சுமக்கும் அதன் ராம் ஆடுவதைப் பார்த்துக்கொண்டே ஒரு பையன் உலோகம் எப்படிச் சீவப்படுகிறது என்பதைப் புரிந்துகொள்வான். அந்த ராமின் பாதையில் முன்னும் பின்னும் தடுப்பு வைக்க இடமும், அதற்கென்று ஒரு பெயரும் கிடைத்தால் வாங்குங்கள். வேறு யாரும் முன்வராவிட்டால் என் பெயரைப் போட்டுக்கொள்ளலாம்.

கொடுப்பவர்களிடம் எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு. இது கொடையா இரவலா? கொடைதான் என்றால், பின்னாளில் விற்கவோ மாற்றவோ உடைசலுக்குப் போடவோ பட்டறைக்கு முழு உரிமை உண்டு என்று ஒரு வரி இருக்கட்டும். சுவரில் அவர்கள் பெயரைப் பெரிதாக எழுதுங்கள், தவறில்லை. ஆனால் ‘ஐயா கொடுத்ததாயிற்றே, எப்படி அகற்றுவது’ என்று ஓடாத இயந்திரத்தைச் சுற்றி நடந்துகொண்டே வருடங்களைக் கழிக்கும் பட்டறையாக இது ஆகிவிடக் கூடாது.

திறப்பு விழாவுக்கு நாள் குறித்துவிட்டதாகச் சொன்னார்கள். விழாவை டிரில்லிங் மிஷினோடும் பெஞ்ச் வைஸோடும் அரத்தோடும் நடத்துங்கள். லேத் ஓடும் நாள் தானாக வரட்டும். மின்பணியாளர் கட்டடத்தைப் பார்க்க வரும் அன்று எனக்கும் சொல்லி அனுப்புங்கள், வருகிறேன். அதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது: இந்த வாரமே யாராவது தொழிற்சாலைக்குப் போய், லேத்துகளின் டிராயர்களையும் பெட்டிகளையும் யாரும் காலிசெய்யாதபடி, எந்தப் பெட்டி எந்த இயந்திரத்துடையது என்று சாக்குக்கட்டியால் எழுதிவிட்டு வாருங்கள்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற ஒரு டர்னர்